பழைய கைப்பேசி வெப்கேமாக, பழைய டேப்லெட் இரண்டாம் திரையாக

மடிக்கணினியின் மூடியில் பதிந்திருக்கும் கேமரா மங்கலாகத் தெரிவதற்கு நிறுவனங்களின் சிக்கனம் மட்டுமே காரணமன்று. மூடியின் தடிமன் சில மில்லிமீட்டர்தான் என்பதால், அதற்குள் அடங்கும் லென்சும் சென்சாரும் மிகச் சிறியவையாகத்தான் இருக்க முடியும். 2020ஆம் ஆண்டு வரை விற்பனையான மடிக்கணினிகளில் பல, 720பி (1280க்கு 720 புள்ளிகள்) தரத்தைத் தாண்டவே இல்லை. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வாங்கி இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கும் கைப்பேசியின் பின்பக்கக் கேமரா பெரும்பாலும் அதைவிட மேலானது. வீட்டிலிருந்தபடி இணையவழியில் கணக்குப் பாடம் நடத்தும் ஒருவரின் மேசையை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. அவரிடம் ஒரு விண்டோஸ் மடிக்கணினி, ஒரு பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி, ஒரு பழைய டேப்லெட் ஆகியவை இருக்கின்றன. கைப்பேசி அவருடைய நோட்டுப் புத்தகத்தை மேலிருந்து காட்ட வேண்டும். டேப்லெட் மாணவர்களின் முகங்களையும் அரட்டைப் பெட்டியையும் தாங்க வேண்டும்.

எந்தச் செயலி நல்லது என்பதே பலரும் முதலில் கேட்கும் கேள்வி. என் அனுபவத்தில், இந்த ஏற்பாடு சரியாக அமையாமல் போவது செயலியால் அரிதாகவே நிகழ்கிறது. பேட்டரி, கம்பி, வெளிச்சம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காலை வாருகிறது. ஆகவே அந்த வரிசையிலேயே தொடங்குவோம்.

பேட்டரியைச் சோதித்தல்

நெடுநாள் கிடப்பில் இருந்த கைப்பேசியைச் சார்ஜரில் செருகுவதற்கு முன், உறையைக் கழற்றிவிட்டு அதைச் சமதளமான மேசையின் மேல் படுக்க வைத்துச் சுழற்றிப் பாருங்கள். கேமராவின் மேடு தடுக்காத நிலையிலும் அது பம்பரம்போல் நடுவில் ஊன்றிச் சுழன்றாலோ, பின்மூடியோ திரையின் விளிம்போ சற்றுத் தூக்கிக்கொண்டிருந்தாலோ, உள்ளே லித்தியம் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அத்தகைய கருவியைச் சார்ஜ் செய்யவோ, அழுத்தி மூடவோ, ஊசியால் குத்தவோ கூடாது. மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைப்பது ஒன்றே வழி.

பேட்டரி நல்ல நிலையில் இருந்தாலும், வெப்கேமாக வேலை செய்யும் கைப்பேசி நாள் முழுவதும் மின்னிணைப்பிலேயே இருக்கும். நூறு விழுக்காடு நிரம்பிய நிலையும் சூடும் சேர்ந்து நீடிப்பதுதான் பேட்டரி உப்புவதற்கு நேர்வழி. கைப்பேசியின் அமைப்புகளில் சார்ஜை 80 அல்லது 85 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால், வகுப்பு முடிந்தவுடன் கம்பியைப் பிடுங்கிவிடும் பழக்கம் போதும்.

அடுத்ததாக, கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள். அதற்கு முன் அதிலுள்ள கூகுள் கணக்கை நீக்கிவிட வேண்டும்; இல்லையெனில் மீட்டமைத்த பின் அதே கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு அது வழிமறிக்கும். வங்கிச் செயலிகளோ குடும்பப் படங்களோ இல்லாத, சிம் அட்டை இல்லாத, தனிக் கணக்கில் இயங்கும் கைப்பேசியாக அது மாற வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோன கருவி என்பதை மறந்துவிடலாகாது.

கம்பியா, வைஃபையா

வைஃபை வசதியானது என்றாலும், வகுப்பு நடத்துபவர் கம்பியையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மோதிக்கொள்ளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், கம்பியில்லா இணைப்பின் காட்சி மாலை நேரத்தில் திக்கித் திணறும். வைஃபைதான் வேண்டுமென்றால் கைப்பேசி, மடிக்கணினி இரண்டையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ரவுட்டரை அதே அறையில் வையுங்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றையொன்று காணாவிட்டால், விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். விருந்தினர் இணைப்புகளும், விடுதிகள், அலுவலகங்கள் ஆகியவற்றின் வைஃபையும் பெரும்பாலும் கருவிகளைத் தனித்தனியே பிரித்து வைக்கும். அப்போது ஐபி முகவரியை (இணைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண் முகவரியை) எத்தனை முறை தட்டச்சு செய்தாலும் பலன் இராது.

கம்பியிலும் ஒரு பொறி உண்டு. மலிவான சில கேபிள்களில் மின்சாரத்துக்கான இழைகள் மட்டுமே இருக்கும். தரவுக்கான இழைகள் இரா. கைப்பேசியைச் செருகியதும் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கணினியில் எதுவும் தோன்றவில்லை என்றால் செயலியை நீக்கி மறுபடி நிறுவுவதில் அரைமணி நேரத்தைச் செலவிடாமல் வேறொரு கேபிளை எடுங்கள்.

முழு எச்டி காட்சியைச் சுருக்காமல் அனுப்பினால், 1920க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு இரண்டு பைட், நொடிக்கு 30 சட்டகங்கள் (ஃப்ரேம்கள்) என்று கணக்கிட, நொடிக்கு ஏறத்தாழ 124 மெகாபைட், அதாவது கிட்டத்தட்ட 1000 மெகாபிட் ஆகிறது. பழைய கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றில் உள்ள யூஎஸ்பி 2.0 இணைப்பின் உச்ச வேகமே 480 மெகாபிட்தான். எனவே கைப்பேசி ஒவ்வொரு நொடியும் காட்சியைச் சுருக்கிக்கொண்டே இருக்கிறது, சூடாவதும் அதனால்தான். பாடம் நடத்த 720பி போதுமென்றால் அதற்கே இறங்கிவிடுங்கள். உறையைக் கழற்றி, கைப்பேசித் திரையின் ஒளியை முற்றிலும் குறைத்து வையுங்கள்.

கேமராவாக மாற்றுதல்

ஆண்ட்ராய்டு 14இல் யூஎஸ்பி வெப்கேம் வசதி இயங்குதளத்திலேயே இடம்பெற்றது. அது உள்ள கைப்பேசியைக் கணினியில் செருகி, மேலே தோன்றும் யூஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு, வெப்கேம் என்பதைத் தேர்ந்தால் போதும். கணினியில் தனி மென்பொருள் எதுவும் தேவைப்படாது. கூகுளின் பிக்சல் 6 முதலான கைப்பேசிகள் இதைப் பெற்றன. பழைய கைப்பேசிக்குப் புதுவாழ்வு தரும் வசதி புதிய கைப்பேசிகளில் மட்டுமே கிடைப்பது வேடிக்கைதான். விண்டோஸ் 11 வைத்திருப்போர், ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய கைப்பேசியில் லிங்க் டு விண்டோஸ் செயலியை நிறுவி, கணினி அமைப்புகளில் மொபைல் கருவிகள் என்ற பகுதிக்குச் சென்று அதைக் கேமராவாக இணைத்துக்கொள்ளலாம். இது வைஃபை வழியாக நடப்பது. ஐபோனும் மேக் கணினியும் வைத்திருப்போருக்கு வேலையே இல்லை: ஐபோன் எக்ஸ்ஆர் அல்லது அதற்குப் பிந்தைய மாடல், ஐஓஎஸ் 16, மேக்ஓஎஸ் வென்ச்சுரா, இரண்டிலும் ஒரே ஆப்பிள் கணக்கு என்று இருந்தால் கேமராப் பட்டியலில் ஐபோனின் பெயர் தானாகவே தோன்றும்.

நம் ஆசிரியரின் பழைய ஆண்ட்ராய்டுக்கு ட்ராய்ட்கேம் அல்லது இரியுன் போன்ற செயலிதான் பொருந்தும். இரண்டிலும் முறை ஒன்றே: கைப்பேசியில் ஒரு செயலி, கணினியில் அதன் துணை மென்பொருள். கம்பி வழியாக இணைக்க, கைப்பேசி அமைப்புகளில் பில்ட் நம்பர் என்பதை ஏழு முறை தொட்டு டெவலப்பர் பகுதியைத் திறந்து, அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை (கம்பி வழியே கணினி கைப்பேசியோடு பேச அனுமதிக்கும் அமைப்பை) இயக்க வேண்டும். கேபிளைச் செருகியதும் இந்தக் கணினியை நம்பலாமா என்று கைப்பேசி கேட்கும்; ஆம் என்று சொல்லும்வரை எதுவும் நகராது. பிறகு ஜூம், மீட் போன்றவற்றின் கேமராப் பட்டியலில் புதிய பெயரைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒலிக்குக் கைப்பேசியின் மைக்கைப் பயன்படுத்தாமல் கணினியின் மைக்கையோ ஹெட்செட்டையோ வைத்துக்கொள்வது நல்லது.

வைஃபையில் காட்சியை ஐபி முகவரியாகத் தரும் செயலிகளைப் பயன்படுத்துவோர் அவற்றில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கட்டாயம் அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே வைஃபையில் உள்ள எவரும் உங்கள் அறையைப் பார்க்கலாம். வகுப்பு முடிந்ததும் லென்சைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது இன்னும் எளிய காவல்.

நோட்டுப் புத்தகத்தின் மேல் கேமரா

வளையும் கழுத்துள்ள கைப்பேசித் தாங்கி இருந்தால் நல்லது. இல்லையென்றால் தடித்த புத்தகங்களை ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு அடுக்கி, கைப்பேசியின் லென்ஸ் பகுதி மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு படுக்க வைத்து, மறுமுனையில் கனமான ஒரு புத்தகத்தை ஏற்றிவிடலாம். அடுக்கு சிறிது ஆடினாலும் திரையில் நிலநடுக்கமாகத் தெரியும் என்பதால், அதை எழுதும் மேசையின் மேல் வைக்காமல் பக்கத்து முக்காலியின் மேல் எழுப்புவது மேல்.

வீட்டு வெளிச்சத்தில் இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது மின்விசிறி. டியூப்லைட்டுக்குக் கீழே மின்விசிறி சுழன்றால் அதன் இறக்கைகளின் நிழல் தாளின் மேல் துடித்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்குப் பழகிப்போன அத்துடிப்பைக் கேமரா ஈவிரக்கமின்றிக் காட்டிவிடும். பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கை வைத்தால் நிழலின் அழுத்தம் குறையும். தாளின் பளபளப்பும் லென்சுக்குள் வராது. இரண்டாவது, காட்சியில் மேலும் கீழுமாக ஊரும் பட்டைகள். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. செயலியில் ஆன்டி பேண்டிங் என்ற அமைப்பு 60 ஹெர்ட்ஸில் இருந்தால் அதை 50க்கு மாற்றுங்கள், பட்டைகள் மறைந்துவிடும்.

குவியத்தையும் (ஃபோகஸ்) பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால், எழுதும் கை குறுக்கே வரும்போதெல்லாம் கேமரா கையைத் தேடி, பிறகு தாளைத் தேடி அலைபாயும். உங்கள் திரையில் எழுத்துகள் இடவலமாகத் திரும்பித் தெரிந்தால் பதறிப்போய்ச் செயலியில் காட்சியைத் திருப்ப வேண்டாம். ஜூம் போன்றவை உங்களுக்கு மட்டும் கண்ணாடிப் பிம்பத்தைக் காட்டுகின்றன, மாணவர்களுக்கு எழுத்து நேராகவே போகிறது. இதை அறியாமல் திருப்பிவிட்டு, ஒரு வகுப்பு முழுவதும் தலைகீழ்க் கணக்கு நடத்தியவர்கள் உண்டு.

டேப்லெட்டை இரண்டாம் திரையாக்குதல்

ஐபேடும் மேக்கும் இருப்பவர்களுக்கு 2019இல் மேக்ஓஎஸ் கேடலினாவுடன் வந்த, ஐபேடை மேக்கின் இரண்டாம் திரையாக்கும் சைட்கார் வசதி போதும். சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்7 முதலான சில டேப்லெட்டுகளில் செகண்ட் ஸ்கிரீன் வசதி உள்ளது. அதை இயக்கிவிட்டு, மடிக்கணினியில் விண்டோஸ் விசையையும் கே விசையையும் சேர்த்து அழுத்தினால் பட்டியலில் டேப்லெட் தோன்றும். மற்ற ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளுக்கு ஸ்பேஸ்டெஸ்க் என்ற மென்பொருள் எளிய வழி. விண்டோஸ் 10 அல்லது 11 கணினியில் அதன் டிரைவரையும், டேப்லெட்டில் அதன் வியூவர் செயலியையும் நிறுவுங்கள். வீட்டுப் பயன்பாட்டுக்கு அது இலவசம். டேப்லெட் கணினியைக் கண்டுகொள்ளாவிட்டால், விண்டோஸில் உங்கள் வைஃபை பொது இணைப்பு என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துத் தனி இணைப்பாக மாற்றுங்கள்; ஃபயர்வாலிலும் (வெளி இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸின் காவல் அமைப்பிலும்) ஸ்பேஸ்டெஸ்குக்கு அனுமதி தாருங்கள். இணைந்ததும் விண்டோஸ் விசையுடன் பி விசையை அழுத்தி, நீட்டித்தல் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

திரை அமைப்புகளில், டேப்லெட் மேசையில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கே அதன் கட்டத்தை இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் சுட்டி தப்பான விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். பத்து அங்குலத் திரையில் எழுத்துகளின் அளவை 150 விழுக்காடாவது ஆக்குங்கள். வியூவர் செயலியில் படத்தரத்தைக் குறைத்தால் வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதில் முதலில் பலியாவது மெய்யெழுத்தின் புள்ளி. தமிழில் வரும் அரட்டைச் செய்தியில் க எது, க் எது என்று உற்றுப் பார்க்க நேர்ந்தால் தரத்தைக் கூட்டி, நொடிக்கான சட்டகங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பட்டியல், அரட்டை, பாடக்குறிப்பு போன்ற அதிகம் அசையாதவற்றுக்கே இத்திரை ஏற்றது. காணொளியை அதில் ஓட்டினால் கணினிக்கும் டேப்லெட்டுக்கும் வீண் பாரம்.

வகுப்பின் நடுவே டேப்லெட்டின் இணைப்பு அறுந்தால் அதிலிருந்த சாளரங்கள் வழக்கமாக மடிக்கணினித் திரைக்குத் திரும்பிவிடும். இணைப்பு இருந்தும் ஒரு சாளரம் டேப்லெட்டில் சிக்கிக்கொண்டதாகத் தோன்றினால், பணிப்பட்டையில் அதைத் தேர்ந்து, விண்டோஸ் விசை, ஷிஃப்ட், இடது அம்பு ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; அது அடுத்த திரைக்குத் தாவிவிடும்.