பிடிக்காத வண்டியை விற்காதீர்கள்: மாதச் சவால்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்காகப் பள்ளத்தூர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து பெரியவர்கள் முகப்பில் சாய்ந்துவிட்டார்கள். மாடியில் ஆச்சி மகனும் (எங்கள் பக்கம் ஆச்சி என்றால் அக்கா) அவன் கல்லூரிக் கூட்டாளிகள் இரண்டு பேரும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் ஆளுக்கொரு லேப்டாப்போடு உட்கார்ந்து டேங்க் கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள். தரை சில்லென்று இருக்கும், லேப்டாப் அவ்வளவாகச் சூடேறாது. இடத் தேர்வில் குறையே சொல்ல முடியாது.

"அம்மான், கராஜைக் காலி பண்றேன். இந்த லீ டேங்க் சுத்த தண்டம்" என்றான் ஆச்சி மகன்.

"டேய், இரு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் விற்றுவிட்டான்.

எனக்கு வயிறு எரிந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே வண்டியை இதே காரணம் சொல்லி விற்றவன் நான். அன்று சாயங்காலம் வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில், நான் செய்த மற்ற கோளாறுகளையும் ஒவ்வொன்றாக அந்த மூன்று பேரும் செய்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேமின் பெயர் முக்கியமில்லை. டேங்க், விமானம், கப்பல் என்று எதை ஓட்டினாலும் மாதச் சவாலின் கட்டுமானம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு போரையோ ஒரு சண்டையையோ எடுத்துக்கொள்வார்கள். அதைப் படிகளாகப் பிரிப்பார்கள். இன்ன வண்டியில் இத்தனை புள்ளி எடுத்தால் ஒரு படி ஏறலாம். ஏற ஏறச் சின்னம், பெயிண்ட், பூஸ்டர் (கொஞ்ச நேரத்துக்கு மட்டும் புள்ளியைக் கூட்டித் தருவது) என்று கிடைக்கும், உச்சிப்படியில் ஒரு வண்டி. திறந்தவெளியில் நின்று அடி வாங்குவது, ஆற்றில் வண்டியை இறக்குவது போன்றவற்றை நான் பேசப்போவதில்லை. ஆட ஆட அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

ஆண்டைப் பார்க்காமல் வண்டி எடுப்பது

பையன்களில் ஒருவன் குர்ஸ்க் சவாலுக்கு டி-34-85 வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். ரஷ்யாவில் ஜெர்மன் படையும் சோவியத் படையும் மோதிய குர்ஸ்க் சண்டை நடந்தது 1943 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். 85 மி.மீ. பீரங்கி வைத்த டி-34 போர்க்களத்துக்கு வந்தது 1944-ல். குர்ஸ்கில் ஓடியது 76 மி.மீ. பீரங்கி வைத்த பழைய டி-34. அதேபோல் ஜெர்மன் பக்கம் 'கிங் டைகர்' அங்கே கிடையாது. பான்தர் உண்டு, அது முதன்முதலாகப் பெரிய அளவில் களமிறங்கியதே குர்ஸ்கில்தான்.

நம் ஊர் வண்டியிலும் இதே சறுக்கல்தான். பாகிஸ்தானோடு நடந்த 1965 அசல் உத்தர் சண்டை என்றதும் ஆவடியில் செய்த விஜயந்தாவை ஆசையாக எடுப்பார்கள். விஜயந்தா சண்டை பார்த்தது 1971-ல். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பக்கம் பாகிஸ்தானின் 'பாட்டன்' டேங்குகளை எதிர்த்து நின்றவை நம் செஞ்சுரியன், ஷெர்மன் டேங்குகளும், ஜீப்பில் ஏற்றிய 106 மி.மீ. பீரங்கிகளும். பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீது இருந்தது அப்படி ஒரு ஜீப்பில்தான்.

நிபந்தனைப் பட்டியலில் வண்டியின் முழுப் பெயர், வால் எழுத்து உட்பட இருக்கும். அந்த வால் எழுத்தைப் பாருங்கள்.

ஐந்தரை மணி நேரம்

சவால் 31-ம் தேதியோடு முடிகிறது என்று போட்டிருந்தால் யாருடைய 31-ம் தேதி என்று கேளுங்கள். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால் நம் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே நள்ளிரவு என்றால் நமக்கு விடிகாலை 5:30. தினசரிப் பணிகளும் அப்போதுதான் புதுப்பிக்கப்படும். இரவு 12 மணிக்கே "முடிஞ்சுபோச்சு" என்று லேப்டாப்பை மூடுகிறவனுக்கு இன்னும் ஐந்தரை மணி நேரம் பாக்கி இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. காலை 11 மணியோடு முடிப்பதாக அறிவித்திருந்தால் நமக்கு அது சாயங்காலம் 4:30. கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று இருந்தால் உட்காரும்போது சவால் இருக்காது. நேரத்தை ஐரோப்பியக் கணக்கில் போட்டிருந்தால் இன்னொரு சிக்கல். மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளுவார்கள், நாம் தள்ளுவதில்லை. அந்த இரண்டு மாதமும் கூட்டல் கணக்கை மறுபடி போடுங்கள்.

பிடிக்காத வண்டியை விற்பது

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எம்3 லீ யாருக்கும் பிடிக்காது. ஒட்டகம் மாதிரி உயரம், மூன்று மீட்டருக்கு மேல். பெரிய 75 மி.மீ. பீரங்கி சுழலும் கோபுரத்தில் இல்லாமல் உடம்பின் வலப்பக்கப் புடைப்பில் உட்கார்ந்திருக்கும். கோபுரத்தில் இருப்பது 37 மி.மீ. பொடிப் பீரங்கி. எதிரி இடப்பக்கம் வந்தால் மொத்த வண்டியையும் திருப்ப வேண்டும். திருப்பி முடிப்பதற்குள் அவன் இரண்டு குண்டு போட்டிருப்பான். ஷெர்மன் கைக்கு வந்ததும் எல்லோரையும் போல நானும் லீயைத் தள்ளிவிட்டேன். கராஜில் ஓர் இடம் காலியானது, கொஞ்சம் வெள்ளி (கேமுக்குள் ஓடும் காசு) சேர்ந்தது. நல்ல வியாபாரம் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஏப்ரல் சவால் வந்தது. பர்மா.

எங்கள் ஐயா (தாத்தா) ரங்கூனில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று நகரத்தில் குண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அதற்கு முன்பே கிளம்பி, பாதி நடையும் பாதி படகுமாக ஊர் வந்து சேர்ந்தார். வீட்டுத் தூண் பர்மாத் தேக்கு. கவுனி அரிசிகூட அங்கேயிருந்து வந்த பழக்கம் என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவனுக்கு பர்மாவைப் பற்றி யார் பாடம் எடுப்பது? அந்தத் திமிரில் நிபந்தனையைப் படிக்கவே இல்லை. ஷெர்மனை எடுத்தேன். 26 ஆட்டம் ஆடினேன், அதில் பாதிக்கு மேல் ஜெயம். சவால் பக்கத்தைத் திறந்தால் புள்ளி பூஜ்யம்.

அதற்கப்புறம்தான் படித்தேன். மூன்று படி. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும்.

முதல் படி 1942-ன் பின்வாங்கல். வண்டி எம்3 ஸ்டூவர்ட். வரலாறும் அதேதான். அந்த பிப்ரவரியில் ரங்கூனில் வந்திறங்கிய பிரிட்டிஷ் 7-வது கவசப் படைப்பிரிவு கொண்டுவந்தது ஸ்டூவர்ட்களைத்தான். பின்வாங்கும் படைக்குக் காவலாக வடக்கே சிந்த்வின் ஆறு வரை அவை வந்தன. ஆற்றைத் தாண்ட வழியில்லாமல் தாங்களே அவற்றை நாசமாக்கிவிட்டுப் போனார்கள். அக்கரை சேர்ந்தது ஒன்றே ஒன்று. ஐயாவும் அந்த வண்டிகளும் ஒரே வருஷத்தில், ஒரே ஊரைவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரிந்ததே ஒரு கேமின் நிபந்தனைப் பட்டியலைப் பார்த்துதான்.

மூன்றாவது படி 1945 மார்ச், மெய்க்டிலா. ஷெர்மன். என் 26 ஆட்டமும் இந்தப் படிக்கு உரியவை, ஆனால் படி திறக்கவில்லை.

நடுப்படி 1944, இம்பால். வண்டி: எம்3 லீ.

ஏன் லீ என்றால், ஏப்ரல் 13 அன்று நுன்ஷிகம் என்ற குன்றில் நடந்ததுதான் காரணம். இம்பால் சமவெளியிலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் செங்குத்தாக நிற்கிற முகடு. டேங்க் இதில் ஏறாது என்று ஜப்பானியர்கள் நினைத்திருந்தார்கள். 3-வது காராபினியர்ஸ் படையின் லீக்கள் டோக்ரா காலாட்படையோடு ஏறின. முகடு குறுகல், உள்ளேயிருந்து பார்த்தால் வழி தெரியாது, அதனால் ஒவ்வொரு டேங்கின் தளபதியும் தலையை வெளியே நீட்டியபடி ஓட்டவைத்தார்கள். அந்த அணியின் அதிகாரிகள் எல்லோரும் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். ஒரு சார்ஜண்ட் மேஜர் பொறுப்பெடுத்து முடித்தார். மற்ற களங்களில் லீக்குப் பதில் ஷெர்மன் வந்துவிட்டது. பர்மாவில் எதிரியிடம் கனமான டேங்க் கிடையாது. பதுங்குகுழியை உடைக்க 75 மி.மீ. போதும். அதனால் கடைசிவரை லீ ஓடியது.

நான் தண்டம் என்று விற்ற வண்டி அது.

திரும்ப வாங்கப் போனேன். விற்றபோது கிடைத்தது பாதி விலை, வாங்கும்போது முழு விலை. இது ஒன்றும் பெரிதில்லை. உண்மையான அடி குழுவில் விழுந்தது. லீயில் பழகிய ஆட்களை ஷெர்மனுக்கு மாற்றியிருந்தேன். இப்போது பழகாத பச்சைக் குழு. பீரங்கி குறிக்கு வரவே நேரமாகும், குண்டு மாற்ற நேரமாகும். கராஜில் இடமில்லை, இடம் வாங்கத் தங்கம். முதல் படியை ஸ்டூவர்ட்டில் முடித்து, தட்டுத் தடுமாறி லீ படியை முடித்தபோது தேதி 28. மீதி இரண்டு நாளில் ஷெர்மனில் எடுக்க வேண்டியதை எடுக்க முடியவில்லை. உச்சிப்படி வண்டி கைநழுவியது. அது இன்றுவரை மறுபடி கிடைக்கவில்லை. எதிரணியில் எவனாவது அதை ஓட்டி வந்தால் என் முதல் குண்டு அவனுக்குத்தான். குரோதம் என்றால் குரோதம்தான்.

இது எனக்குப் புதிய பாடமும் இல்லை, அதுதான் எரிச்சல். அட்டத்தில் கிடந்த எனாமல் தூக்குச்சட்டிகளை அப்பத்தா காலத்துக்குப் பிறகு "எதுக்கு அடைசல்" என்று எடைக்குப் போட்டோம். சில வருஷம் கழித்துக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடை வாசலில் அதே நீலத்தில், அதே வெள்ளை விளிம்போடு ஒன்றைப் பார்த்தேன். விலை கேட்டேன். கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஆகவே, இதைச் செய்யுங்கள். ஓட்டப் பிடிக்கிறதா என்று பார்க்காதீர்கள். அந்த வண்டி எந்தச் சண்டையில் இருந்தது என்று பாருங்கள். ஒரு சண்டைக்காவது பெயர் வாங்கிய வண்டி என்றால் வைத்திருங்கள், குழுவோடு. ஸ்டூவர்ட், லீ, வாலன்டைன், பழைய டி-34 எல்லாம் இந்த வகை. சாஃபி என்ற லேசான டேங்கை விற்கவே கூடாது. வியட்நாமில் 1954-ல் நடந்த தியென் பியென் பூ சண்டைக்காக பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிரித்து விமானத்தில் கொண்டுபோய் அங்கே பூட்டினார்கள்; 1971 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தின் கரீப்பூரில் நம் பி.டி-76 வண்டிகளோடு மோதியதும் பாகிஸ்தானின் சாஃபிதான். ஒரே வண்டி, இரண்டு சவாலுக்கு ஆகும். எந்தச் சண்டையும் பார்க்காத, காகிதத்திலேயே நின்றுபோன மாதிரிகள் இருக்கின்றன பாருங்கள், இடம் வேண்டுமென்றால் அவற்றை விற்றுத் தொலையுங்கள்.

லீயை ஓட்டியே ஆக வேண்டியவர்களுக்கு ஒன்று. பீரங்கி வலப்பக்கம் இருப்பதால் சுவர் உங்கள் இடப்பக்கத்தை மறைக்கும்படி நில்லுங்கள். பீரங்கி மட்டும் வெளியே எட்டும், மீதி உடம்பு உள்ளே இருக்கும். சுவரை வலப்பக்கம் வைத்துக்கொண்டால் சுட ஒட்டகம் முழுவதும் வெளியே வர வேண்டும்.

காசு கொடுத்துப் படி தாண்டுவது

20-ம் தேதி உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்: எத்தனை படி பாக்கி, ஒரு படிக்கு எத்தனை நாள். தேறாது என்று தெரிந்தால் அன்றே விட்டுவிடுங்கள். கடைசி ராத்திரி பதற்றத்தில்தான் கார்டு நம்பர் மளமளவென்று விரலில் வரும். அதிலும் வெறும் சின்னத்துக்காகக் காசு கட்டுகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

பூஸ்டர்

போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

'பெறு' பட்டன்

சில கேம்களில் பரிசு தானாக வராது. அமுக்கினால்தான் வரும், மாதம் முடிந்தால் பட்டனும் போய்விடும்.

கூட்டாளி அடித்தது உன் கணக்கில் வராது

ஸ்குவாடாகப் போனால் சேதப் புள்ளி பங்கு பிரியும் என்று அந்தப் பையன்கள் நம்பினார்கள். வெற்றி எல்லோருக்கும் பொது, சேதம் அவரவர் பாடு. சவால் எதைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். வெற்றியைக் கேட்டால் சேர்ந்து போங்கள். சேதத்தைக் கேட்டால், உங்களைவிட நன்றாகச் சுடுகிற நண்பனோடு போகாதீர்கள். உங்களுக்கு வைத்த எதிரியை அவன் அடித்துவிடுவான்.

கரண்ட்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு பேப்பரில் வரும். முதல் நாளே பாருங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடும், வைஃபை ஓடாது. சொல்லாமல் போகிற கரண்டுக்கு ஒன்றும் செய்ய முடியாது. அன்று மாடியில் அதுதான் நடந்தது. திரும்ப உள்ளே நுழைந்தபோது ஆச்சி மகனின் வண்டி நடுவயலில் எரிந்து முடிந்திருந்தது. அவன் கீழே கந்தரப்பம் சாப்பிடப் போயிருந்தான்.