நிலா கோளை மறைக்கும்போது: செங்கோட்டைப் பக்கத்தில் இருந்து படம் எடுக்கும் முறை

2023 மார்ச் 24 அன்று நிலா வெள்ளிக் கோளை மறைத்தது, 2024 ஜூலை 24–25 இரவில் சனிக் கோளை. இரண்டும் இந்தியாவில் பார்க்கக் கிடைத்த மறைப்புகள். முன்னது வளர்பிறை, பின்னது தேய்பிறை. அதனால் இரண்டையும் எடுக்கும் முறையே வேறு. ஆறு அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் கையால் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி) ஒன்றும் ஒரு கைபேசியும் இருந்தால் இதற்குப் போதும்.

முதலில் உங்கள் ஊருக்கான நேரம்

சென்னைக்குச் சொன்ன நேரத்தைச் செங்கோட்டையில் நம்பாதீர்கள். நிலா நமக்கு அருகில் இருப்பதால், 550 கிலோமீட்டர் தள்ளிப் போனால் கோளை ஒட்டி அது இருக்கும் இடம் 5 ஆர்க்மினிட் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஓர் ஆர்க்மினிட்) வரை மாறும். அது நிலா விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. ஓர் ஊரில் முழு மறைப்பாக இருப்பது இன்னொரு ஊரில் வெறும் உரசலாகப் போய்விடலாம். ஸ்டெல்லேரியம் செயலியில் அட்சரேகை 8.97 வடக்கு, தீர்க்கரேகை 77.25 கிழக்கு என்று கொடுத்து, நிமிடம் நிமிடமாக நகர்த்திப் பாருங்கள். சாரலுக்குப் பயந்து சங்கரன்கோவில் பக்கம் போனால் அங்கே மறுபடி கணக்கிடுங்கள். அந்த 40 கிலோமீட்டரே அரை நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் காட்டலாம்.

அடுத்தது மலை. நமக்கு மேற்கே தொடுவானம் கிடையாது, தொடர்ச்சி மலைதான். செயலி சொல்லும் அஸ்தமனத்துக்கு வெகுமுன்பே பிறை மலைக்குப் பின்னால் போய்விடும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஏறக்குறைய 10 டிகிரி; நீங்கள் நிற்கும் இடத்தில் முகடு எத்தனை உயரம் என்று பகலிலேயே அளந்துவிடுங்கள். மாலை நேர வெள்ளி என்றால் இதே மலை உதவியும் செய்யும்: சூரியன் முகட்டுக்குப் பின்னால் முழுவதும் இறங்கும் வரை தொலைநோக்கியின் மூடியைத் திறக்காதீர்கள். ஒரு நொடி சூரியன் உள்ளே விழுந்தாலும் கண் போய்விடும்.

எந்த விளிம்பு?

கோள் மறைவது எப்போதும் நிலாவின் கிழக்கு விளிம்பில், வெளிவருவது மேற்கு விளிம்பில். வளர்பிறையில் இருண்ட விளிம்பில் மறையும், ஒளிவிளிம்பில் வரும், தேய்பிறையில் நேர்மாறு. டாப்சோனியனில் படம் தலைகீழாகத் தெரிவதால் திசை குழம்பும். மாரே கிரிசியம் என்ற நீள்வட்டக் கருந்திட்டை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: கோள் வெளிவருவது அது இருக்கும் பக்கத்தில்தான். முதல் முறை எடுப்பவர்கள் இருண்ட விளிம்பில் நடப்பதையே குறிவையுங்கள். நிலாவொளியின் கண்கூச்சம் இல்லாமல் கோள் மட்டும் தனியாகத் தெரியும் காட்சி அது, படமும் சுலபம்.

இடமும் காற்றும்

மொட்டை மாடி வேண்டாம். பகலில் குடித்த வெயிலைச் சிமெண்ட் இரவெல்லாம் வெளிவிடும், விளிம்பு கொதிநீர் போல் அலைபாயும். மண் தரையில் வையுங்கள். ஆனி, ஆடியில் கணவாய் வழி வீசும் காற்று தொலைநோக்கிக் குழாயை ஆட்டும், ஆகவே சுவர் மறைவு தேவை. தொலைநோக்கியின் கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர 30 முதல் 45 நிமிடம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

படம்

தொலைநோக்கியின் 1200 மி.மீ. குவியத்தூரத்துக்கு 25 மி.மீ. கண்வில்லை 48 மடங்கு உருப்பெருக்கம் தரும். பார்வைப்புலம் சுமார் ஒரு டிகிரி, முழு நிலாவும் அடங்கும். டிஎஸ்எல்ஆர் கேமராவை நேரடியாக மாட்டினால் பல டாப்சோனியன்களில் குவியமே கிடைக்காது, ஏனென்றால் குவிப்பான் (கண்வில்லையைப் பிடித்து உள்ளும் வெளியும் நகரும் குழாய்) தேவையான அளவு உள்ளே போகாது. 2 மடங்கு பார்லோ (குவியத்தூரத்தைக் கூட்டும் வில்லை) போட்டால் கிடைக்கும். ஆனால் நிலா சென்சாரில் 22 மி.மீ. ஆகிவிடும், டிஎஸ்எல்ஆர்களில் பொதுவாக உள்ள சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் முழுதாக விழாது. விளிம்பும் கோளும் மட்டும் போதும் என்றால் அதுவே நல்லது.

கைபேசியைத் தானியங்கியில் விட்டால் கறுத்த வானத்தைப் பார்த்து நிலாவை வெள்ளைத் தட்டாக்கிவிடும். புரோ முறைக்கு மாறி, ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் உள்ள பள்ளங்களின் நிழலில் குவியத்தைச் சரிசெய்து பூட்டுங்கள். எஃப்/8 (துளை அளவு), ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400-இல் தொடங்க வேண்டிய அளவுகள்: முக்கால் நிலாவுக்கு 1/500 நொடி, வியாழனுக்கு 1/125, சனிக்கு 1/30, வெள்ளிக்கு 1/2000. சனிக்கு ஏற்றபடி வைத்தால் நிலா வெளிறிப்போகும். நிலாவுக்கு ஏற்றபடி வைத்தால் சனி தெரியாது. ஒரே படத்தில் இரண்டையும் சரியாக எடுக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். மறைப்புக்கு முன்பே இரண்டு அளவிலும் எடுத்து வைத்துவிட்டு, மறையும் கணத்துக்குக் கோளின் அளவிலேயே வீடியோ ஓட்டுங்கள்.

வியாழனின் வட்டு முழுதும் மறைய ஒன்றரை நிமிடம் போல ஆகும். தொலைநோக்கியை அசைக்காவிட்டால் நிலா தன் அகலத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். ஆகவே கோளை எதிர் ஓரத்தில் வைத்து, அது பார்வைப்புலத்தைத் தானாகக் கடக்க விடுங்கள். நடுவில் தள்ளினால் வீடியோ ஆடும். ஒரு நிமிடம் முன்பே பதிவைத் தொடங்குங்கள். வெளிவரும்போது இரண்டு நிமிடம் முன்பே, ஏனென்றால் எந்தப் புள்ளியில் வரும் என்பது கண்ணுக்குத் தெரியாது.

பிறகு வீடியோவின் சட்டங்களை (ஃபிரேம்களை) ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது 10 நொடித் துண்டுகளாக வெட்டுங்கள். நொடிக்கு ஏறக்குறைய அரை ஆர்க்செகண்ட் (ஆர்க்மினிட்டில் அறுபதில் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்) வேகத்தில் நிலாவிளிம்பு கோளை நோக்கி நகர்கிறது. நீண்ட துண்டில் கோள் கூர்மையாக வந்தால் விளிம்பு மழுங்கும். கோளை வைத்து ஒரு முறை, விளிம்பை வைத்து ஒரு முறை அடுக்கி, நடுச் சட்டத்தில் இருந்த இடைவெளிப்படி இரண்டையும் பொருத்துங்கள்.