எண்ட்கேம் டேபிள்பேஸ்: பலகையைத் திருப்பும்போது நேரும் தவறுகள்

டேபிள்பேஸ் என்பது சில காய்களே மிச்சமுள்ள ஒவ்வொரு செஸ் நிலையும் வெற்றியா, தோல்வியா, டிராவா என்று மேட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வைக்கும் அட்டவணை. இடத்தை மிச்சப்படுத்த, பலகையைத் திருப்பினால் ஒன்றாகும் நிலைகளுக்கு ஒரே எண் கொடுப்போம். இதை எழுதக் கிளம்பும் பிள்ளைகள் அவ்வப்போது தங்கள் புரோகிராமைக் கொண்டுவந்து, "எங்க சார் தப்பு?" என்று நிற்பார்கள். பெரும்பாலும் நான் விழுந்து எழுந்த அதே குழிகள்தான். சிப்பாய் இருந்தால் பலகையை இடவலமாக மட்டுமே திருப்ப முடியும் என்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும்.

காஸ்லிங்

ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தும் இந்த உரிமை மிச்சமிருந்தால் டேபிளில் தேடாதீர்கள்.

ஒரே நிலைக்கு இரண்டு கணக்கு

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். சிப்பாய் இல்லாதபோது வெள்ளை ராஜாவை ஏ1-டி1-டி4 முக்கோணத்தின் 10 கட்டங்களுக்குள் கொண்டுவந்துவிடலாம். இரு ராஜாக்கள் நிற்கக்கூடிய 3612 விதங்கள் 462 ஆகிவிடும். எட்டால் வகுத்தால் 451.5தானே? இரு ராஜாக்களும் ஏ1-எச்8 மூலைவிட்டத்திலேயே நிற்கும் 21 விதங்களுக்கு நாலு மடங்கு சுருக்கம்தான் கிடைக்கும். வம்பு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

வெள்ளை ராஜா டி4, ராணி இ5, கறுப்பு ராஜா ஏ1, கறுப்பின் முறை. போகக்கூடிய இடம் மூன்று: ஏ2, பி1, பி2. இன்னும் முடிவு தெரியாத நகர்வுகளைக் கணக்கு வைக்கும் எண்ணியில் (கவுண்டர்) 3 என்று போட்டுவிட்டு, ஒவ்வொரு நகர்வும் தோல்வி என்று தெரியத் தெரிய ஒன்று குறைப்போம். பூஜ்யமானால் அந்த நிலையே தோல்வி. ஆனால் ஏ2-வும் பி1-ம் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். டேபிளில் இரண்டுக்கும் ஒரே எண். அங்கிருந்து பின்னோக்கி வந்தால் ஒரு தடவைதான் குறையும். எண்ணி 1-இலேயே நின்றுபோக, எதிரியிடம் ராணி இருக்கும் தனி ராஜாவுக்கு "டிரா" என்று பதிவாகிவிடும்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். ஏ1-இலிருந்து பின்னோக்கிப் போனால் ஏ2, பி1 என்று ஒரே எண் இருமுறை வரும், இரண்டு குறையும். தப்பிக்க ஒரு வழி பாக்கி இருக்கும்போதே தோல்வி முத்திரை குத்தியாயிற்று.

ஒரு பையன் மூன்று காய் டேபிளைச் சரிபார்க்காமலே அதன்மேல் நான்கு, ஐந்து என்று கட்டிக்கொண்டு போனான். காய் வெட்டுப்பட்டால் சின்ன டேபிளைத்தான் கேட்க வேண்டும் என்பதால், அடியில் இருந்த பிழை மேலே வரை ஏறிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டச் சொன்னேன். பையன் முகம் சுருங்கிப்போச்சு.

அடுத்த நிலைகளைச் சுருக்கிய எண்ணாக மாற்றி, இரட்டிப்பதை நீக்கிய பிறகே எண்ணுங்கள். பின்னோக்கிய பட்டியலுக்கும் அதுவே. கடைசியில் ஒவ்வொரு நிலையிலிருந்தும் முன்னோக்கி நகர்த்தி மதிப்பு பொருந்துகிறதா என்று பாருங்கள். தனி ராஜாவுக்கு எதிராக ராணிக்கு அதிகபட்சம் 10, யானைக்கு 16 நகர்வில் மேட் என்று வந்ததை வைத்து மட்டும் கொண்டாட வேண்டாம்.

ஒரே மாதிரி இரு காய்கள்

இரண்டு யானைகள் இடம் மாறினாலும் நிலை ஒன்றுதான் என்பதால் அவற்றின் கட்டங்களை வரிசைப்படுத்தி வைப்போம். வரிசைப்படுத்துவது பலகையைத் திருப்பிய பிறகு. முன்னால் அல்ல.

நகர்வைப் பலகைக்குத் திருப்பித் தருவது

டேபிளில் கிடைக்கும் நகர்வு திருப்பிய பலகைக்கு உரியது, அதை அசல் பலகைக்கு மாற்ற வேண்டும். கண்ணாடித் திருப்பத்தை மறுபடி ஒருமுறை செய்தால் பழையபடி ஆகிவிடும். 90 டிகிரி சுழற்சி அப்படி ஆகாது. இடவலம், மேல்கீழ், மூலைவிட்டம் என்று திருப்பியிருந்தால் மூலைவிட்டத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டு வாருங்கள்.