மனம் நொந்தால் கை தின்பண்டத்துக்குப் போகிறதா? மாற்றத்தைக் காலை உணவில் தொடங்குங்கள்

கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர், "என்னம்மா, இப்படிக் குண்டாயிட்டே?" என்று கேட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். அதைக் கேட்ட பெண்ணோ மறுநாள் காலை இட்லியைத் தவிர்த்து, மதியம் அரை வயிறு உண்டு, மாலையில் மிக்சர் டப்பாவை நின்றபடியே காலி செய்துவிட்டு, இரவில் கண்ணாடி முன் நிற்கவே கூசுவார். இந்தச் சுழற்சியை நிறுத்த விரும்புபவர்கள் பெரும்பாலும் டப்பாவை ஒளித்துவைக்கிறார்கள். மாற்ற வேண்டியது காலையில் கிடந்த பட்டினியை.

1975-இல் ஹெர்மன், மேக் என்னும் உளவியலாளர்கள் கல்லூரி மாணவியரிடம் நடத்திய ஆய்வில், எப்போதும் உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்கள் ஒரு மில்க் ஷேக் குடித்த பிறகு, அவர்களைப் போலவே கட்டுப்படுத்தி வந்து எதுவும் குடிக்காதவர்களைவிடக் கூடுதலாகவே ஐஸ்கிரீம் உண்டார்கள். 'விரதம் கெட்டாயிற்று, இனி என்ன' என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல.

ஆகவே, முந்தைய நாள் எவ்வளவு உண்டிருந்தாலும் மூன்று வேளையும் உட்கார்ந்து உண்ணுங்கள். இடையில் தின்னத் தோன்றினால், 'இப்போது தயிர்சாதம் கொடுத்தால் உண்பேனா?' என்று கேட்டுப் பாருங்கள். உண்பேன் என்றால் அது பசி. தட்டில் போட்டு உண்ணலாம். மிக்சர்தான் வேண்டும் என்றால், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டு, பிறகும் வேண்டுமென்றால் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கலோரிக் கணக்கு எழுத வேண்டாம். அது மீண்டும் தண்டனையாகிவிடும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பசி கூடுவது பலருக்கு இயல்பு என்பதால், அதையும் குறித்துவைப்பது நல்லது.

அடுத்தது பீரோ. 'இளைத்தபின் போடலாம்' என்று தொங்கவிட்டிருக்கும் ரவிக்கை, கதவைத் திறக்கும்போதெல்லாம் குத்திக்காட்டும். உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருப்பார்கள். ஒரு வரிசைத் தையலைப் பிரித்துவிட்டு இன்றைக்கே உடுத்துங்கள். அன்றாடம் எடை பார்ப்பதையும் விட்டுவிடலாம், ஏனெனில் உடலில் நீர் கூடிக் குறைவதாலேயே எடை ஒரு கிலோ வரை மாறக்கூடும். உறவினருக்கு, "உடம்பைப் பற்றி வேண்டாம் அத்தை, வேறு பேசலாம்" என்ற பதில் போதும்.

கட்டுப்பாடின்றி ஏராளமாக உண்பது வாரம் ஒருமுறையாவது என மூன்று மாதம் தொடர்ந்தாலோ, உண்டதை வாந்தியெடுக்கத் தோன்றினாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.