அதிமானுடத் தளபதிகளின் துரோகக் கதை: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் ஒரு பேரரசு. அதை வென்று கொடுக்க ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட தளபதிகள். நூற்றாண்டுக்கணக்கில் வாழ்வார்கள், வெறுங்கையால் கவசத்தைக் கிழிப்பார்கள், பத்துப் போர்முனைகளை ஒரே நேரத்தில் மனதில் ஓட்டிப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவன் பேரரசருக்கு எதிராகத் திரும்புகிறான். அறிவியல் புனைகதையில் இதைவிடப் பெரிய களம் அரிது. ஆனாலும் இதை எழுத வருகிறவர்களில் பலர் சொல்லிவைத்தாற்போல் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். துரோகத்துக்கான காரணத்தைத் துரோகியின் நெஞ்சுக்குள் மட்டும் தேடுகிறார்கள். பொறாமைக்காரன், பதவி வெறியன், அவ்வளவுதான். காரணத்தில் பாதிக்கு மேல் அந்தப் பேரரசின் அமைப்பிலேயே கிடக்கிறது என்பதுதான் என் கருத்து. மற்றத் தவறுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலாவது, துரோகியை முதல் அத்தியாயத்திலேயே காட்டிக்கொடுப்பது. தழும்பு, குளிர்ந்த கண்கள், யாரோடும் ஒட்டாத பேச்சு என்று அறிமுகப்படுத்திவிட்டால், அவன் திரும்பும்போது வாசகருக்கு வலிக்காது. பேரரசர் அதிகம் நம்பியவன், வீரர்கள் உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவன், வாசகருக்கும் பிடித்துப்போனவன்தான் திரும்ப வேண்டும். அவன் முன்வைக்கும் குற்றச்சாட்டில் நியாயம் இருக்க வேண்டும். ‘எங்களைப் போருக்காகவே படைத்தீர்கள், போர் முடிந்தபின் எங்களுக்கு என்ன இடம்?’ என்று அவன் கேட்டால், பேரரசரிடம் பதில் இருக்கக்கூடாது. அந்தக் கேள்விக்கு விடையில்லாமல் ஒரு பேரரசைக் கட்டியதே முதல் தவறு. துரோகம் அதன் விளைவு.

இரண்டாவது, உடல் பெரிது என்பதால் மனமும் பெரிதாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்வது. கிரகத்தையே எரிக்கக்கூடியவனுக்குச் சின்ன அவமானம் உறைக்காது என்று நினைத்து எழுதுகிறார்கள். உண்மையில் அவனுக்குத்தான் அதிகம் உறைக்கும். பாரதப் போருக்கு முன் வீரர்களைத் தரம் பிரித்துச் சொல்லும்போது, பீஷ்மர் எல்லார் முன்னிலையிலும் கர்ணனைப் பாதி ரதன், அதாவது ஒரு தேர்வீரனில் பாதிதான் என்கிறார். பீஷ்மர் களத்தில் இருக்கும்வரை ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று கர்ணன் ஒதுங்கிவிடுகிறான். பத்து நாள் போர் அவன் இல்லாமலே நடக்கிறது. இருவரும் ஒரே அணி, இருவருமே மனித அளவைத் தாண்டியவர்கள், இருவரும் துரியோதனனுக்காகப் போரிட வந்தவர்கள். ஒரு தரவரிசை போதுமாக இருந்தது. உங்கள் பேரரசிலும் அப்படி ஒன்று இருக்கும். யாருடைய பெயர் வெற்றித்தூணில் முதலில் வருகிறது, யாருடைய படைக்குப் புதுக் கப்பல்கள் முதலில் போகின்றன, முடிசூட்டு விழாவில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பகை அங்கேதான் முளைவிடும்.

மூன்றாவது, துரோகம் என்றாலே முதுகில் குத்துவது என்று நினைப்பது. வராமல் இருப்பதும் துரோகம்தான், அதைக் குற்றம் என்று நிரூபிப்பது கடினம். 1806 அக்டோபர் 14 அன்று ஆவுவர்ஸ்டெட்டில், நெப்போலியனின் மார்ஷல் (உயர்தளபதி) தாவு சுமார் 27,000 பேருடன், தன்னைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான பிரஷ்யப் படையை எதிர்த்து நின்றார். இன்னொரு மார்ஷலான பெர்னதோத்தின் படை அருகிலேயே இருந்தது. அன்று ஆவுவர்ஸ்டெட்டிலும் யேனாவிலும் நடந்த இரண்டு பெரும் போர்களில் ஒன்றுக்கும் அது வந்து சேரவில்லை. கட்டளையை அப்படியே பின்பற்றினாரா, சக தளபதி அழியட்டும் என்று இருந்தாரா என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். 1810-இல் சுவீடனின் பட்டத்து இளவரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே பெர்னதோத், 1813-இல் லைப்சிக் போரில் நெப்போலியனுக்கு எதிரே படை நடத்தினார். இந்த ஏழு ஆண்டுச் சந்தேகத்தைக் கதைக்குள் கொண்டுவந்து பாருங்கள். தாமதமாக வந்த தளபதி தன் கப்பல் நாட்குறிப்பை நீட்டுகிறான், அதில் எல்லாம் சரியாகவே இருக்கிறது, தப்பிப் பிழைத்தவன் அதை வாசிக்காமலே திருப்பிக் கொடுக்கிறான். அந்த இடத்தில் சண்டைக்காட்சியே தேவையில்லை.

நான்காவது தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. படைகளை மறந்துவிடுகிறார்கள். தளபதி ‘நாம் திரும்புகிறோம்’ என்றதும் லட்சம் வீரர்கள் கேள்வி கேட்காமல் திரும்பிவிடுவார்களா? கி.மு. 316 வாக்கில், அலெக்சாந்தர் இறந்தபின் அவருடைய தளபதிகளுக்குள் நடந்த வாரிசுப் போர்களில், தளபதி யூமெனிசிடம் ‘வெள்ளிக் கேடயத்தார்’ என்ற மூத்த வீரர்கள் இருந்தார்கள். கபியேனே போரில் அவர்கள் எதிரியின் காலாட்படையை நொறுக்கினார்கள். ஆனால் போர்க்களப் புழுதிக்குள் எதிரி ஆண்டிகோனசின் குதிரைப்படை பின்னால் போய் அவர்களுடைய முகாமைப் பிடித்துக்கொண்டது. மனைவி, மக்கள், ஆயுள் முழுக்கச் சேர்த்த சொத்து எல்லாம் அங்கே இருந்தன. அவற்றைத் திரும்பப் பெறத் தங்கள் தளபதியையே பிடித்துக் கொடுத்தார்கள். விண்வெளிக் கதையிலும் வீரர்களின் குடும்பங்கள் எந்தக் கிரகத்தில் இருக்கின்றன, அந்தக் கிரகம் யார் பிடியில் இருக்கிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாதிப் படை ஏன் தயங்குகிறது என்பதற்குத் தனி விளக்கம் வேண்டியிருக்காது.

தூரத்தை மறப்பதும் இதே வகைதான். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு வானொலிச் செய்தி போகவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் 4.24 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. ஒளியைவிட வேகமான கப்பல்களை நீங்கள் கற்பனை செய்துகொண்டாலும், செய்தி யாருக்கு முதலில் போகும் என்ற கேள்வி போகாது. தலைநகரில் ஒருவனைத் துரோகி என்று அறிவித்துவிட்டார்கள், அவன் இன்னும் பேரரசருக்காகவே ஒரு முற்றுகையில் ரத்தம் சிந்திக்கொண்டிருக்கிறான். அந்த அறிவிப்பு வந்து சேரும் நாளில்தான் அவன் துரோகி ஆகிறான். அதில் பொறாமைக்கு வேலையே இல்லை, செய்தி போய்ச் சேரும் முறை ஒன்றே போதும்.

பேரரசரைக் குறையற்ற தந்தையாகவோ வெறும் கொடுங்கோலராகவோ வரைந்தால் இதெல்லாம் வீணாகிவிடும். அடுத்தது யார் என்று சொல்லாமல் இருப்பது, இரண்டு பேருக்கும் ஒரே பதவியை ஆசைகாட்டுவது போன்ற சாதாரணக் குறைகள் அவருக்கு இருக்கட்டும். கி.மு. 323-இல் அலெக்சாந்தர் இறந்தபோது ஆளும் வயதில் மகன் இல்லை. அவருக்குப் பின் பொறுப்பேற்ற பெர்டிகாசை மூன்று ஆண்டுகளுக்குள் அவருடைய சொந்த அதிகாரிகளே எகிப்தில் கொன்றார்கள்.

தளபதிகளின் எண்ணிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு பேர் என்று பெயர் சூட்டினாலும் நான்கு பேரின் கதையைச் சொன்னால் போதும்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரு இருவர் சண்டையில் முடித்து, யார் பலசாலி என்பதை விடையாக வைப்பது. ரோமானியத் தளபதி லபியேனுசின் முடிவைப் பாருங்கள். காலியாவில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) சீசரின் வலக்கையாக இருந்தவர், கி.மு. 49-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது எதிரணிக்குப் போனார். சீசர் அவருடைய பணத்தையும் உடைமைகளையும் பின்னாலேயே அனுப்பிவைத்தார் என்று பண்டைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். நான்கு ஆண்டுகள் கழித்து முண்டா போரில், முகாமைக் காப்பாற்ற லபியேனுஸ் தன் படையைத் திருப்பினார். அவர் ஓடுகிறார் என்று சொந்த அணியே நினைத்து நிலைகுலைந்தது, அவரும் அன்றே இறந்தார். உங்கள் துரோகித் தளபதி எத்தனை பேரின் பலம் உள்ளவனாக இருந்தாலும், அவன் கப்பல் திசைமாறும் அந்தக் கணத்தில் புதிய கூட்டாளிகள் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பதை வைத்து முடிவை அமையுங்கள்.