ராத்திரி முழுக்க ஸ்கேன் ஓடட்டும் என்று விடாதீர்கள்

"அண்ணே, மெதுவாத்தான் போகுது. ராத்திரி முழுக்க ஸ்கேன் ஓடட்டும்னு விட்டுட்டேன்."

பரணிலிருந்து எடுத்த 500 ஜிபி லேப்டாப் டிஸ்க்கோடு போன மாதம் என் சர்வீஸ் கடைக்கு வந்த தம்பி சொன்னது. 2013-ல் நானும் இதையேதான் செய்தேன். கீழே போடக் கூடாது, ஈரம் படக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்கும்போது செய்யும் மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

தள்ளாடும் டிஸ்க்கை நேரடியாக ஸ்கேன் செய்வது

அப்பத்தா சொன்ன கதைகளை நோக்கியா போனில் பதிவு செய்து, ஏஎம்ஆர் கோப்புகளாக ஒரு 250 ஜிபி டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தேன். நாலு வருஷம் கழித்து மாட்டினால் டிரைவ் தெரிகிறது, உள்ளே போக முடியவில்லை. ஏதோ ஒரு மீட்பு மென்பொருளின் இலவசப் பதிப்பை இறக்கி ஸ்கேன் போட்டேன். ஒன்பது மணி நேரம். கடைசியில் கோப்புப் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. எடுக்கப் போனால், லைசென்ஸ் வாங்கு என்றது. வாங்கினேன். கீ போட்டதும் மென்பொருள் தானே மூடித் திறந்து, மறுபடி முதலிலிருந்து ஸ்கேன் கேட்டது. சரி என்று போட்டுவிட்டுப் படுத்தேன். விடியற்காலை டிக், டிக் என்று சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். அன்றைக்கு நின்ற டிஸ்க் அப்புறம் எழுந்திருக்கவேயில்லை. முதல் ஸ்கேனில் வந்த பெயர்ப் பட்டியலைப் போட்டோ எடுத்திருந்தேன். இன்னும் வைத்திருக்கிறேன், எதற்கென்று எனக்கே தெரியாது.

நடந்தது இதுதான். டிஸ்க்கின் ஹெட், அதாவது படிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் இடைவெளியில் மிதந்தபடி படிக்கிறது. ஒரு செக்டார் (தட்டில் தகவல் இருக்கும் சின்னத் துண்டு) படிக்க வரவில்லை என்றால் டிஸ்க் விடாது. திரும்பத் திரும்ப முயலும். அது தோற்றால் விண்டோஸ் மறுபடி கேட்கும். மீட்பு மென்பொருளோ நல்ல இடம், கெட்ட இடம் என்று பார்க்காமல் முதலிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். கெட்டுப்போன பகுதி நடுவில் வந்தால், ஏற்கெனவே பலவீனமான ஹெட்டை மணிக்கணக்கில் அங்கேயே போராட விடுகிறோம். அதற்கு அந்தப் பக்கம் நல்லபடியாக இருந்த கோப்புகளும் சேர்ந்து போகின்றன. நான் இரண்டு முறை அப்படி விட்டேன், இரண்டாவதுக்குக் காசும் கொடுத்து.

முதலில் இமேஜ் எடுங்கள், அதாவது டிஸ்க் முழுவதையும் அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். லினக்ஸ் போட்ட பெண்டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்கியூ (ddrescue) என்ற நகல் எடுக்கும் மென்பொருளை ஓட்டுங்கள், இலவசம்தான். எளிதாகப் படிக்க வருவதை முதலில் அள்ளிக்கொள்ளும், சிக்கலான இடத்தைத் தாண்டிப் போய்விட்டுக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை படித்தது என்று ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால், டிஸ்க் சூடானால் நிறுத்தி, ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அப்புறம் டெஸ்ட்டிஸ்க்கோ போட்டோரெக்கோ, மீட்பு மென்பொருள் எதுவானாலும் அந்த இமேஜ் மேல் ஐம்பது தடவை ஓட்டுங்கள், பழைய டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது.

"அதுக்கு இன்னொரு டிஸ்க் வேணுமே அண்ணே" என்பார்கள். வேண்டும்தான். கடன் வாங்குங்கள். என் லைசென்ஸ் காசுக்குப் புது டிஸ்க்கே வாங்கியிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: டிடிரெஸ்கியூ கட்டளையில் பழைய டிஸ்க் முதலில், புதியது இரண்டாவது. மாற்றிப் போட்டால், காலி டிஸ்க்கில் உள்ள வெறுமை பழையதன் மேல் எழுதப்படும். கழற்றி மாட்டும்போது டிரைவ் பெயர்கள் இடம் மாறலாம், அதனால் ஒவ்வொரு முறையும் சீரியல் எண்ணைப் பாருங்கள். மாட்டியவுடனே டிக் டிக் என்று அடிக்கும் டிஸ்க்குக்கு இது எதுவும் பொருந்தாது. கரன்ட்டை நிறுத்திவிட்டு, டிஸ்க்கைத் திறக்கத் தூசியில்லாத சுத்த அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குக் கொடுப்பதா, ஆசையை விடுவதா என்று யோசிக்க வேண்டியதுதான்.

ஸ்மார்ட் எண்களைத் தப்பாகப் படிப்பது

ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் எண்கள். அதைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில், படிக்க வராமல் நிற்கும் செக்டார்களைச் சொல்லும் 197 எங்கே என்று தேடுகிறார்கள். அதில் எண்கள் ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) இருக்கும்: 197 என்பது அங்கே சி5. மதிப்பும் அப்படித்தான்; 10 என்று காட்டினால் 16 செக்டார். வேண்டுமானால் அமைப்பில் மதிப்பைச் சாதாரண எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். 05 (மாற்றிவைக்கப்பட்ட செக்டார்), சி5, சி6 (படிக்கவே முடியாமல் போன செக்டார்) இந்த மூன்றில் ஒன்றாவது பூஜ்ஜியமாக இல்லையென்றால், முதலில் இமேஜ் எடுங்கள் என்று மேலே சொன்னதை இன்னொரு முறை படியுங்கள்.

பார்மேட் செய்யவா என்றதும் சரி என்பது

விண்டோஸுக்குத் தெரியாத கோப்பு முறை எதைப் பார்த்தாலும் அது அப்படித்தான் கேட்கும். லினக்ஸ், மேக், சிசிடிவி கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் இவற்றில் ஓடிய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தாலும் கேட்கும். தெரியாமல் குவிக் பார்மேட் அடித்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள், உள்ளே பெரும்பாலும் அப்படியே இருக்கும். முழு பார்மேட் வேறு: விஸ்டா முதல் அது டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதுகிறது. அதற்கு மேல் என்னிடம் கொண்டுவந்து பயனில்லை.

மீட்டதை அதே டிஸ்க்கில் சேமிப்பது

தூர் வாரிய மண்ணைக் கிணற்றுக்குள்ளேயே கொட்டுவது.

வெளிப்பெட்டியைக் கழற்றி நேரடியாக மாட்டுவது

யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிஸ்க் வேலை செய்யாவிட்டால், பெட்டிக்குள் இருக்கும் யுஎஸ்பி போர்டுதான் கெட்டது என்று நினைத்து உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கணினியில் மாட்டுவார்கள். பெரும்பாலும் நல்ல யோசனைதான். ஆனால் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக், மை பாஸ்போர்ட் வகைகள் பலவற்றில், நீங்கள் பாஸ்வேர்டே வைக்காவிட்டாலும் அந்த போர்டு எல்லாவற்றையும் பூட்டித்தான் எழுதுகிறது. நேரடியாக மாட்டினால் குப்பையாகத் தெரியும். பயந்து பார்மேட் அடிக்காதீர்கள், போர்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

பிரீசரில் வைப்பது

வேண்டாம். உள்ளே நீர் கோக்கும்.

காலியானதை டிவிஆரில் போடுவது

எல்லாம் எடுத்தான பிறகு ஒரு முழு பார்மேட் அடித்துவிட்டு ஸ்மார்ட் பாருங்கள். சி5 பூஜ்ஜியமாகி, 05 ஏறாமல் நின்றால் சினிமா போட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளலாம். இருபத்து நாலு மணி நேரமும் எழுதிக்கொண்டே இருக்கும் டிவிஆருக்கு அந்த டிஸ்க் ஆகாது. இன்னொன்று, எடுக்க வேண்டியது உள்ளே இருக்கும்போதே, பொருந்துகிறதா என்று பார்க்க மட்டும் மாட்டுகிறேன் என்று போகாதீர்கள். பல டிவிஆர்கள் முதல் வேலையாக அதை அழித்துத்தான் தமக்கு எடுத்துக்கொள்ளும்.

தம்பியின் டிஸ்க்கை இமேஜ் எடுக்க மூன்று நாள் ஆனது. அவன் அக்கா கல்யாணப் போட்டோக்களில் ஒரு ஃபோல்டர் தவிர மற்றதெல்லாம் வந்துவிட்டது. சி5-ல் 200-க்கு மேல் நிற்கிறது. நேற்று போன் செய்து, வீட்டு டிவிஆரில் அதைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான்.