பாபலு அயே பற்றி எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களுக்குப் பெரியம்மையைத் தருபவரும் இறக்குபவரும் ஒரே தெய்வம். நைஜீரியாவில் ஷோபொனா, பெனினின் ஃபோன் மக்களிடம் சக்பத்தா, கியூபாவில் பாபலு அயே, பிரேசிலில் ஓமொலு அல்லது ஒபலுவாயே. பெயரில் எழுத்து பிசகினால் திருத்திக்கொள்ளலாம். கீழே உள்ளவை கட்டுரையையே கவிழ்ப்பவை.

எந்த லாசரு?

கியூபாவில் இவரைப் புனித லாசருவாகக் கும்பிடுகிறார்கள் என்பதுவரை சரி. அடுத்த வரியிலேயே 'இயேசு உயிரோடு எழுப்பினாரே, அவர்தான்' என்று சேர்த்துவிடுகிறார்கள். எத்தனை முறை அடித்தாலும் திரும்ப முளைக்கிற வரி இது.

எழுப்பப்பட்டவர் பெத்தானியா ஊர் லாசரு, மார்த்தாளின் சகோதரர். யோவான் 11இல் வருகிறார். பாபலு அயேவோடு இணைந்தவர் லூக்கா 16இன் உவமையில் பணக்காரன் வாசலில் கிடக்கும் ஏழை. அவர் புண்களை நாய்கள் நக்கும். கியூப வீட்டுச் சிலையைப் பாருங்கள்: அக்குளில் இரண்டு ஊன்றுகோல்கள், உடம்பெல்லாம் புண், காலடியில் நாய்கள். பெத்தானியாக்காரரை அங்கே நிறுத்தினால் இதில் ஒன்றுக்கும் விளக்கம் கிடைக்காது.

தேதியும் குழப்புகிறது. டிசம்பர் 17 திருச்சபையின் பழைய நாட்காட்டிப்படி பெத்தானியா லாசருவின் நாள். அவர் பின்னாளில் ஆயர் (பிஷப்) ஆனார் என்பது மரபு. அதே நாளில் ஹவானா அருகே எல் ரின்கோனில், தொழுநோய் மருத்துவமனையை ஒட்டிய தேவாலயத்துக்குச் சாக்குத்துணி உடுத்தி, தரையில் ஊர்ந்தபடி நேர்த்திக்கடன் செலுத்த வருகிறார்கள். சபையின் கணக்கில் அது ஆயரின் திருநாள். ஊர்ந்து வருபவர் தேடுவது ஊன்றுகோல் கிழவரை. பிரேசிலுக்குப் போனால் இன்னொரு புனிதரும் சேர்ந்துகொள்வார்: ரோக்கு, ஆகஸ்ட் 16.

'ஆப்பிரிக்க மாரியம்மன்'

வேண்டாம். இவர் ஆண்.

எல்லாப் படையலும் பிரசாதம் அல்ல

பிரேசிலில் ஆப்பிரிக்க வழிவந்த கந்தோம்ப்லே சமய மரபில் ஆகஸ்டில் இவருக்கு ஒலுபாஜே என்ற விருந்து நடக்கும். ஆமணக்கு இலையில் பரிமாறிய உணவைக் கையால் எடுத்து உண்பார்கள். சோளப்பொரி அவருக்கு உரியது.

கியூபாவின் அவான் சடங்கு நேரெதிர். சாக்கு விரித்த கூடையைச் சுற்றித் தட்டுத்தட்டாகத் தானியமும் பயறும் இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிடி அள்ளி, உடம்பில் தடவிக் கூடையில் போடுவார்கள். நோயைக் கழித்துப் போட்ட உணவு; அதை யாரும் வாயில் வைப்பதில்லை. இரண்டையும் கலந்து எழுதினால் சடங்கே தலைகீழாகிவிடும்.

'பூசாரிகள் அம்மையைப் பரப்பினார்கள்'

நைஜீரியாவின் லாகோஸ் நகர மருத்துவர் ஒகுன்டோலா சபாரா, ஷோபொனா பூசாரிகளின் குழுவில் ரகசியமாகச் சேர்ந்தார். அம்மைப் பொருக்கைக் கொண்டு அவர்கள் நோயைப் பரப்புகிறார்கள் என்றார். பிரிட்டிஷ் அரசு வழிபாட்டைத் தடைசெய்தது. 'சபாரா சொன்னார்' என்பதை விட்டுவிடாதீர்கள். கும்பிட்டவர்கள் எல்லோர் தலையிலும் அதைக் கட்டாதீர்கள். பெரியம்மை ஒழிந்ததென்று 1980இல் அறிவித்தார்கள். அதோடு தெய்வமும் ஓய்ந்தது என்று முடிப்பதும் தப்பு. எச்.ஐ.வி. பரவியபோது பக்தர்கள் போனது இவரிடம்தான்.